அலமாரிக் கதவின் உட்புறம்

ஜூன் 4

மிளகு அம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு நாளும் மிளகு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. தின்பதற்கு வாங்கிக் கொடுத்ததையெல்லாம் பாதி தின்றுவிட்டு மீதியை மடித்து வைத்துக்கொண்டாள்.

நீ ஷிப்டுக்குப் போன நேரம் பார்த்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தது திருட்டுத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். உன்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்ப நினைத்திருந்தால் கிளம்பியே இருக்க முடியாது. நீ வாயைத் திறந்தால் என் வாய் ஒட்டிக்கொள்ளும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

போன் மட்டும் செய்யாதே. கோபத்தில் சொல்லவில்லை. நான் லிஃப்ட் பழுது பார்க்கும் இந்த அடுக்குமாடியில் எனக்குக் கொடுத்திருப்பது ஒற்றை அறை, உனக்குத் தெரியும். ஒரு பக்கம் மோட்டார் ரூம், இன்னொரு பக்கம் லிஃப்ட் குழி. எங்கே நின்று பேசினாலும் அவள் காதில் விழுகிறது. நேற்று நீ கூப்பிட்டபோது உன் குரல் லேசாகக் கசிந்ததற்கே, சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பையைத் திறந்து நோட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். அதனால் எழுது. என் வேலையிட விலாசத்துக்கே எழுது.

ஏன் கூட்டி வந்தேன் என்று கேட்பாய். நான் லீவில் வந்திருந்தபோது ஒரு நாள் நீ கடைக்குப் போயிருந்தாய். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தமே இல்லை, அரை மணி நேரமாயிற்று. கதவைத் தட்டினேன். திறந்தாள். பாவாடையை மார்புவரை கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாள். கையில், கழுத்தில், கன்னத்தில், முழங்காலில் எல்லாம் நீ ஃபேக்டரியிலிருந்து கொண்டுவரும் அந்தச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். சட்டையில் எங்கே தையல் பிசகியிருக்கிறதோ அங்கே ஒட்டுவீர்களே, அதே அம்பு. எண்ணினேன், இருபத்து மூன்று.

"என்னடி இது?" என்றேன்.

"செக் பண்றேன்பா" என்றாள். "அம்மா வர்றதுக்குள்ள முடிச்சுடுவேன்."

நெற்றியில் ஒட்டிய அம்பு உள்பக்கமாகக் காட்டியது. "இது எதுக்கு?" என்று கேட்டேன். "புத்தி" என்றாள்.

இதற்குமேல் எழுத முடியவில்லை.

மிளகு அப்பா

*

ஜூன் 12

மிளகு அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கத்தில் ஏழு எழுத்துப்பிழை. வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறீர்கள். பொம்மையும் கையுமாக வந்து, பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்து ஆடிவிட்டுப் போகிறீர்கள். பல் தேய்க்கச் சொல்பவள் நான். நகம் வெட்டுபவள் நான். காய்ச்சலில் கிடந்தால் ஈரத்துணி போடுபவளும், எழுந்தவுடன் விட்டுப்போன பாடத்தை எழுத வைப்பவளும் நான். ஆகவே நான் ராட்சசி, நீங்கள் தெய்வம். சந்தோஷம்.

ஸ்டிக்கர் எப்படி வந்தது என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? மூன்றாம் வகுப்பில் அவள் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு நான் கத்தினேன். கத்திய பிறகு என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அது என் அப்பாவின் குரல். அவர் பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அப்படித்தான் கத்துவார். அன்றைக்கு முடிவு செய்தேன், கத்தவும் மாட்டேன், கை நீட்டவும் மாட்டேன். எங்கள் செக்கிங் மேசையில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு சட்டை வரும். குற்றம் இருக்கும் இடத்தில் ஓர் அம்பை ஒட்டித் தள்ளிவிடுவோம். தைத்தவள் அதைப் பார்த்துச் சரி செய்துகொள்வாள். எத்தனை மரியாதையான வழி! அதையே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நோட்டில் பிழை இருந்தால் ஒரு அம்பு. போர்வை சரியாக மடிக்காவிட்டால் ஒரு அம்பு. டிபன் டப்பாவில் மிச்சம் இருந்தால் மூடியில் ஒரு அம்பு. அவள் மேல் ஒட்டச் சொன்னேனா? ஒரு நாளாவது அவள் உடம்பில் ஒட்டினேனா?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நான் அவளை மட்டும் பிடித்துக்கொண்டு ஆடுகிறவள் இல்லை. என் துணி அலமாரிக் கதவைத் திறந்து உட்புறம் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். அது என் பக்கம். அவளுக்கு ஒன்று ஒட்டினால் அங்கே எனக்கு இரண்டு. சாதம் குழைந்தால் எனக்கு. பஸ்ஸைத் தவறவிட்டால் எனக்கு. அவள் இருமினால்கூட எனக்கு, ஏனென்றால் முந்தின நாள் நான் தலையைச் சரியாகத் துவட்டியிருக்க மாட்டேன். ஒட்டும்போது அவள்தான் பக்கத்தில் நின்று ஸ்டிக்கர் தாளைப் பிடித்துக்கொள்வாள். அம்மாவுக்கும் அதே சட்டம்தான் என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டாமா? இதைவிட நியாயமாக ஒரு பிள்ளையை யார் வளர்ப்பார்கள்?

பள்ளிக்கூடம் கெட்டுப்போகிறது. அவளைக் கொண்டுவந்து விடுங்கள்.

மிளகு அம்மா

பி.கு. தலையை வாரிவிடும்போது இடது பக்கம் சிக்கு அதிகம் விழும். இழுக்காதீர்கள்.

*

ஜூன் 25

மிளகு அம்மாவுக்கு,

இந்தத் தடவை பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இங்கேயே பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டேன். உன்னிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கெடுபிடியிலிருந்து தப்பித்துவிட்டாள், இனி மகாராணி மாதிரி இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். எப்போது வேண்டுமானாலும் தூங்கு, எது வேண்டுமானாலும் தின்னு, வீட்டுப்பாடமா, மனசு இருந்தால் செய். பத்து நாளில் பூத்துக் குலுங்குவாள் என்று நினைத்தேன். மண்ணாங்கட்டி!

"அப்பா, இது சரியா பாருங்க" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை எதையாவது கொண்டுவந்து நீட்டுவாள். நான் கையில் ஸ்பானரோடு நிற்பேன், "சூப்பர்டா செல்லம்" என்பேன். ஒரு நாள் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நீட்டினாள். "சூப்பர்" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "நீங்க பாக்கவே இல்லப்பா" என்றாள். அதன் பிறகு எதையும் கொண்டுவந்து காட்டுவதில்லை.

பள்ளியில் ஓர் ஆலோசகர் அம்மா இருக்கிறார். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மிளகு அவரிடம் நன்றாகப் பேசுகிறாளாம். அவர் கேட்டார், "உங்க வீட்டுல யாராவது ஒரு தப்பு பண்ணிட்டா அடுத்து என்ன நடக்கும்?"

"பொண்ணுக்கு ஒரு ஸ்டிக்கர், அவ அம்மாவுக்கு ரெண்டு" என்றேன்.

"உங்களுக்கு?"

"நான் ஊர்ல இருக்கறதில்லீங்க."

அதை அவர் எழுதிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. பிறகு சொன்னார், "அம்மா அவளுக்கு அம்பு ஒட்டினதை உங்க பொண்ணு பெரிசா சொல்லல. அம்மா தன்னையே படுத்திக்கிட்டதைப் பத்திதான் ஒரு மணி நேரம் பேசினா. கதவு முழுக்க நிறைஞ்சு போச்சு, இனிமே அம்மா எங்கே ஒட்டுவாங்கன்னு அவளுக்குக் கவலை."

நான் உன்னை மட்டம் தட்ட இதை எழுதவில்லை. நீ அவளைப் பார்க்க வரலாம் என்று சொல்லியிருக்கிறார். ஜூலை பன்னிரண்டு, பதிமூன்று, இரண்டு நாள். மார்க் பற்றிக் கேட்கக் கூடாது, எதையும் திருத்தக் கூடாது, சும்மா கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான். வா.

மிளகு அப்பா

*

ஜூலை 3

மிளகு அப்பாவுக்கு,

வருகிறேன். சூப்பர்வைசர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி நான்கு நாள் லீவு வாங்கியிருக்கிறேன்.

அலமாரிக் கதவைச் சுத்தம் செய்துவிட்டேன். எண்ணெய் தடவி, ஊற வைத்து, பழைய சீப்பால் சுரண்டினேன். இரண்டு ராத்திரி ஆயிற்று. பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது. அவளிடம் சொல்லுங்கள். இல்லை, நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன்.

சும்மா கூட இருப்பது என்றால் என்ன செய்வார்கள்? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கையில் வேலை இல்லாமல் நான் அவளோடு உட்கார்ந்ததே இல்லை. கேள்வி கேட்கக் கூடாது என்றால் எதில் பேச்சை ஆரம்பிப்பது? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் பேசிப் பழகிப் பார்த்தேன். அவள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

மிளகு அம்மா

*

ஜூலை 16

மிளகு அப்பாவுக்கு,

ஷிப்டுக்கு முன்னால் அவசரமாக எழுதுகிறேன். மனசு அவ்வளவு லேசாக இருக்கிறது.

ஞாயிறு மத்தியானம் பதினாலாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று நீங்கள் ஓடினீர்களே, அப்போதுதான் நடந்தது. அதுவரை நானும் அவளும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் போனதும் அவள் எழுந்து என் தண்ணீர் டம்ளரைக் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கறை இருக்கிறதா என்று பார்க்கிறாள்! செக்கிங் மேசையில் நான் பார்ப்பது போலவே, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு. எனக்கு அதோடு மனசு உடைந்துவிட்டது.

அவள் முன்னால் மண்டி போட்டேன். "என்னை மன்னிச்சுடுடி. நானெல்லாம் ஒரு அம்மாவா? என்னை மாதிரி ஒருத்தி பிள்ளையே பெத்திருக்கக் கூடாது. உன்னை இப்படி ஆக்கின கை இது" என்று என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன். எத்தனை தடவை என்று தெரியாது. அழுகை நிற்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் முன்னால் நான் அழுததில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒன்று பாக்கி வைக்கவில்லை.

அவள் ஓடிவந்து என் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இல்லம்மா, நீ நல்ல அம்மா. நான்தான் சரியில்ல. அடிச்சுக்காதம்மா, இனிமே நான் உன்னை அழ வைக்கவே மாட்டேன்" என்றாள். தன் பாவாடையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். என்னைக் கட்டிக்கொண்டாள், ஒரு வருஷத்துக்குப் பிறகு. நீங்கள் கிரீஸ் கையோடு திரும்பி வந்தபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோமே, அது இதனால்தான்.

இனி எல்லாம் சரியாகிவிடும். அடுத்த மாதம் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அவள் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கியிருக்கிறேன். கசங்கினால் கசங்கட்டும்.

மிளகு அம்மா

*

ஜூலை 24

மிளகு அம்மாவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். உன் கடிதம் வராமல் இருந்திருந்தால் எனக்குக் காரணமே தெரிந்திருக்காது.

நீ ரயில் ஏறிய மறுநாள் காலையில் அவள் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினாள். எழுந்திருக்க, படிக்க, பாத்திரம் கழுவ, என் சட்டையைத் துவைக்க என்று கால் மணிக்குக் கால் மணி போட்டிருந்தாள். "இது யார் சொல்லி?" என்றேன். "நானேதான்பா. அம்மா அழாம இருக்க இது போதுமா, இன்னும் ஏதாவது பண்ணணுமா?" என்று கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அதெல்லாம் ஒண்ணும் வேணாம், விடும்மா" என்று சொல்லிவிட்டு டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். வாழ்க்கை முழுக்க எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அந்த 'விடும்மா'தான்.

செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். அதற்கு முன்னால் ஐந்து நாளாக மத்தியானச் சாப்பாட்டை யாருக்காவது கொடுத்துவிட்டு அந்த நேரத்தில் படித்திருக்கிறாள். வீட்டில் நான் கேட்டபோதெல்லாம் "சாப்பிட்டேன்பா, நல்லா இருந்துச்சு" என்றாள். நானும் நம்பினேன். டப்பா காலியாகத்தான் வந்தது, அதுவும் கழுவித் துடைத்து. டாக்டர் பார்த்துவிட்டார், பயப்படும்படி உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஆலோசகர் அம்மாவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மிளகு அவரிடம் சொல்லியிருக்கிறாளாம், "நான் பொறந்ததாலதான் எங்க அம்மா அவங்களையே அடிச்சுக்கறாங்க." மன்னிப்புக் கேட்பது ஒன்று, பிள்ளை பார்க்கத் தன்னை அடித்துக்கொள்வது வேறு என்றார். இடம் மாறிவிட்டதே தவிர ஸ்டிக்கர் ஒட்டும் வேலை நிற்கவில்லை என்றார். அதாவது கதவுக்குப் பதிலாக உன் கன்னம்.

கொஞ்ச நாளைக்கு நீ வர வேண்டாம் என்கிறார். நானும் அதையேதான் சொல்கிறேன்.

அவள் யாரிடமும் முகம் கோணுவதில்லை. எல்லோரிடமும் சிரிக்கிறாள். லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாம் "எவ்வளவு நல்ல பொண்ணு" என்கிறார்கள். எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் "சந்தோஷமா இருக்கேன்" என்கிறாள். எனக்கு அதைக் கேட்கவே பயமாக இருக்கிறது.

உன்மேல் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அந்த அறையில் நான் இருந்திருந்தாலும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பேன்.

மிளகு அப்பா

*

ஆகஸ்ட் 5

மிளகு அப்பாவுக்கு,

உடனே எழுத முடியவில்லை. வர வேண்டாம் என்றீர்கள், வரமாட்டேன். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

என்னைச் செக்கிங் மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உங்கள் கடிதம் வந்த மறுநாள் அம்பை எடுத்தேன், ஒட்டக் கை வரவில்லை. காலர் கோணலாக இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. தைத்தது யார் என்றும் தெரியும், கோடியில் உட்காரும் சின்னப் பெண். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லது, நல்லது என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். முந்நூறு சட்டை திரும்பி வந்தது. இப்போது அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்தில் நிற்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நானாகத்தான் போனேன். வயதில் என்னைவிடச் சின்னவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்களுக்கு நீங்களே ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்குங்க, பாக்கலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

யோசித்தேன். முந்தானை நுனியை மடித்து மடித்துப் பிரித்தேன்.

"சரி, உங்க தோழி ஒருத்தங்க இந்த நிலைமையில இருந்தா அவங்ககிட்ட என்ன சொல்வீங்க?" என்றார். எனக்குத் தோழி கிடையாது. "அப்ப உங்க பொண்ணு? அவ பெரியவளாகி, இதே மாதிரி தப்பு பண்ணிட்டு உங்க முன்னாடி வந்து நின்னா?"

வெளியே அடுத்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு வருஷத்தில் அவளிடம் சொன்ன நல்ல வார்த்தை ஒன்றையாவது ஞாபகப்படுத்திப் பார்த்தேன். நடக்க ஆரம்பித்தபோது என்ன சொன்னேன்? நேராக நட என்றேன். முதல் பரிசு வாங்கி வந்தபோது? கோப்பையில் பெயர் தப்பாக இருக்கிறது, மாற்றி வாங்கி வா என்றேன். அவள் தூங்கிய பிறகு சொல்லியிருக்கிறேன், நிறையச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அது எங்கே தெரியும்? கடைசியில் டாக்டரிடம், "எனக்குத் தெரியல சார்" என்றேன். "பரவாயில்லம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே நான் அங்கே உட்கார்ந்து அழுதேன். எனக்கு அதை யாரும் சொன்னதே இல்லை.

அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று இருக்கிறது. அழமாட்டேன், என்னைத் திட்டிக்கொள்ளவும் மாட்டேன், சத்தியமாக. மிளகு அம்மா என்று ஊரே கூப்பிடுகிறது, அவளுக்கு ஒரு வரி எழுத எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு என்ன சொன்னால் ஆறுதலாக இருக்கும்? உங்களுக்குத் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள், நான் பார்த்து எழுதிக்கொள்கிறேன். அவளிடமே கேட்டாலும் சரி. இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இல்லை.

மிளகு அம்மா

*

ஆகஸ்ட் 14

மிளகு அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்து பார்த்தேன். செல்லம், தங்கம், சூப்பர் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் எந்நேரமும் சொல்கிறதுதான். அவளுக்கு அது லிஃப்ட் மணி மாதிரி ஆகிவிட்டது, காதில்கூட விழுவதில்லை. உனக்கு எழுதிக் கொடுக்க என்னிடம் ஒரு வரியும் இல்லை.

அதனால் அவளிடமே கேட்டேன். ஆலோசகர் அம்மா கேட்கலாம் என்ற பிறகுதான் கேட்டேன். லிஃப்ட் குழிக்குப் பக்கத்தில் படிக்கட்டு இருக்கிறதே, அதில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அன்றைக்கு டூல் பெட்டியைத் தொடவில்லை, போனையும் அணைத்து வைத்தேன். "அம்மா உனக்கு ஒரு லெட்டர் எழுதப் போறாங்க. அதுல என்ன எழுதினா உனக்கு நல்லா இருக்கும்?" என்றேன்.

ரொம்ப நேரம் யோசித்தாள். அவசரப்படுத்தவில்லை. ஏதோ ஆசையாகச் சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன எழுதினாலும் நான் நம்ப மாட்டேன்பா" என்றாள். "அம்மாவுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். என் முகத்தில் எதைக் கண்டாளோ, என் முதுகை இரண்டு தட்டுத் தட்டினாள். "நீங்க வருத்தப்படாதீங்கப்பா, நான் சந்தோஷமாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு படிக்கப் போய்விட்டாள்.

மிளகு அப்பா